லேயா சொன்ன ‘ம்’

திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மல்லாட்டைக் கிடங்கில் சவுரியம்மாளுக்குச் சொத்தை பொறுக்கும் வேலை. உடைத்த வேர்க்கடலைப் பருப்பைத் தார்ப்பாயில் கொட்டி வைத்திருப்பார்கள். சுருங்கியது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று கை பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டே போகும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, காது சும்மா கிடக்கும். அந்தக் காதுக்குத் தீனி போடுகிறவள் வேணி. மயிலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். செல்போனை ஒரு எவர்சில்வர் குண்டானுக்குள் நிற்க வைத்துவிடுவாள். சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும்.

மூன்று மாதமாக அந்தக் குண்டானிலிருந்து வந்துகொண்டிருந்தது பைபிள் பெண்களின் காதல் கதைகள். தெபோரா என்று பேர் வைத்துக்கொண்ட ஒருத்தி எழுதுகிறாள், வேறொருத்தி குரல் கொடுத்து வாசிக்கிறாள். முதலில் மீக்கால் கதை வந்தது, பிறகு அபிகாயில். இப்போது லேயா. பன்னிரண்டு பேர் உட்காரும் அந்தக் கொட்டகையில் சவுரியம்மாள் ஒருத்திதான் வேதக்காரி. அதனால் சந்தேகம் எல்லாம் அவளிடம்தான் வரும்.

“ஏம்மா சவுரி, உங்க வேதத்துல இப்டியேவா போட்டுருக்கு?” என்று பிரபாவதி கேட்பாள். கொட்டகையிலேயே வயசில் மூத்தவள் அவள்.

“வேதத்துல நாலு வரிதான்கா. யாக்கோபுன்னு ஒருத்தன், மாமன் ஊட்டுக்கு வந்து சின்னவ ராகேல் மேல ஆசப்பட்டான். அவளுக்காக ஏழு வருசம் ஆடு மேய்ச்சான். கல்யாணத்தன்னிக்கி மாமன் பெரியவ லேயாவ முக்காடு போட்டு உள்ள அனுப்பிட்டான். விடிஞ்சப்புறந்தான் அவனுக்குத் தெரிஞ்சிது. அவ்ளோதான். மீதி எல்லாம் இவ ஊதுறது.”

“நல்லாத்தான்டி ஊதுறா,” என்பாள் வேணி.

சவுரியம்மாளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. சின்ன வயசிலிருந்து கோயிலில் லேயா பேர் வரும்போதெல்லாம் அவளுக்குக் கண் மங்கல் என்பதோடு கதை முடிந்துவிடும். இந்தத் தெபோராதான் அவளுக்குக் கையும் காலும், நெஞ்சும் கொடுத்திருந்தாள். லேயா கிணற்றடியில் மறைந்து நின்று யாக்கோபைப் பார்க்கிறாள். அவன் குடித்து வைத்த தோல்பையில் மிச்சத் தண்ணீரைக் குடிக்கிறாள். இதைக் கேட்கும்போது சவுரியம்மாள் குனிந்துகொள்வாள். முப்பத்தெட்டு வயசில் முகம் சிவப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டாமே.

அந்த வியாழக்கிழமை பதினேழாவது பாகம் வந்தது.

மாமன் லாபான் கல்யாணத்தை நிச்சயம் செய்கிறான். காரான் ஊர் வழக்கப்படி மணமக்கள் பேரை மூன்று ஓய்வுநாள் கிணற்றடியில் உரக்கச் சொல்ல வேண்டுமாம். யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லலாமாம். முதல் வாரம் யாக்கோபு, ராகேல் என்று அறிவித்தார்கள். அடுத்த இரண்டு வாரம் யாக்கோபு ஆடுகளோடு மலைக்குப் போயிருந்தான். அப்போது பேரை மாற்றி லேயா என்று அறிவித்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது, மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது.

சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “காரான்ல யாருக்கா ஓலை படிச்சாங்க? அது எங்க கோயில்ல பண்றது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மூணு வாரம் கல்யாண ஓலை படிப்பாங்க. இந்தப் பொண்ணு நம்ம பக்கத்துக்காரி போல.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் கை நின்றது. ஒரு ஓலை ஒரு பேருக்கும், மற்ற ஓலை இன்னொரு பேருக்கும் படித்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான். அது அவள் கல்யாணம்.

பதினொரு வருசத்துக்கு முன்னால் அன்புச்செல்வன் பெண் பார்க்க வந்தது சவுரியம்மாளை அல்ல, அவள் தங்கை இருதயமேரியை. மேரிக்கு அப்போது இருபது வயசு. விழுப்புரத்தில் காலேஜ் இரண்டாம் வருசம். அந்தக் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அப்பா யாரையும் கேட்காமல் தேதி குறித்துவிட்டார். முதல் ஓலையும் படித்தாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மேரி அழுத அழுகையில் தெருவே கூடிற்று. அப்பா தென்னமட்டையை எடுத்தபோது இருபத்தேழு வயசு சவுரியம்மாள் குறுக்கே வந்து நின்று, “அந்த ஓலைல எம் பேரப் போடுங்க” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் சண்டை பிடித்தாள், பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று ஒத்துக்கொண்டாள். பங்குச் சாமியாரிடம் சொல்லி ஒரு ஓலைக்கு விலக்கு வாங்கினார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் சவுரியம்மாள் பேரைப் படித்தார்கள். அன்புச்செல்வன் அப்போது லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தான். போனில் சொன்னால் வராமல் இருந்துவிடுவான் என்று அவன் அம்மா சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு வந்தவனிடம்தான் சொன்னாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து தாலி கட்டினான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். சவுரியம்மாள் தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு மறுபடி பருப்பில் கை வைத்தாள். குண்டானிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

“கூடாரம் முழுக்க நறுமணத் தைலத்தின் வாசனை. நீல முக்காட்டுக்குள் லேயா மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். ‘ராகேல்’ என்றான் யாக்கோபு. ஏழு வருடம் வெயிலில் காய்ந்து பனியில் நனைந்த பெயர் அது. இல்லை என்று சொல்ல லேயாவுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை அவள் கைநழுவ விட்டாள். ‘ம்’ என்றாள். அந்த ஒரு ஒலியிலேயே யாக்கோபுக்குப் புரிந்துவிட்டது, இது ராகேலின் குரல் இல்லை என்று. புரிந்தும் அவன் பேசவில்லை.”

வேணி போனை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தானா?” என்றாள் வேணி. “கல்லுளிமங்கன்.”

“அவன விடுடி,” என்றாள் பிரபாவதி. “ஆச இல்லாதவ எதுக்கு ‘ம்’னு சொல்றா? அவளுக்கு வேண்டியிருந்துது, சொன்னா. தங்கச்சிக்காகப் போனா அப்டின்றதெல்லாம் சும்மா பேச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். சவுரியம்மாள் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். முதல் இரவின் இருட்டில் அன்புச்செல்வன் அவளை “மேரி” என்று கூப்பிட்டதும், அவள் மேரியாகவே “ம்” என்றதும் இந்த உலகத்தில் அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். கல்யாணமான மறுவருசம் அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து, கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது, தங்கை மேரியிடம். அன்புச்செல்வனிடம்கூட அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கட்டினது அக்காவை என்றாலும் தூக்கக் கலக்கத்தில் மேரி நினைப்பிலேயே வாய் தவறிச் சொல்லியிருப்பான், பதில் சொன்னதும் மேரி என்றே எண்ணியிருப்பான், விடிந்ததும் அவனுக்கே ஞாபகம் இருக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதன்மேல்தான் பதினொரு வருசமும் இரண்டு பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தன. இப்போது மயிலத்தில் காலேஜ் பஸ் ஓட்டும் அவன் காதில் இது விழ எத்தனை நாளாகும்? டிரைவர்கள் ஷெட்டில் உட்கார்ந்து எதைத்தான் கேட்பதில்லை?

“ஒடம்பு சரியில்ல” என்று மேஸ்திரியிடம் அரை நாள் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை தோன்றிற்று. ஒருவேளை எழுதியது மேரி இல்லையென்றால்? மேரி வேறு யாரிடமோ சொல்லி, அவள் எழுதியிருந்தால்? அதுவும் துரோகம்தான், ஆனால் சின்னது. அந்தச் சின்னதை வேண்டிக்கொண்டே போனாள்.

இருதயமேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எம்.ஏ., பி.எட். முடித்து, அரசு வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்து, இப்போது அதே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையத்தில் தமிழ் நடத்துகிறாள். புதிய பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெண்கள் விடுதியில் ஒரு அறை.

“இன்னாக்கா, போன்கூடப் பண்ணாம?” என்று கதவைத் திறந்தாள்.

“தெபோராவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

மேரி எந்தத் தெபோரா என்று கேட்கவில்லை. நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து மெத்தைமேல் போட்டாள். “உக்காருக்கா” என்றாள். அவள் கேட்காமல் விட்டதில் சவுரியம்மாளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

“தொண்ணூறாயிரம் பேரு கேட்டுக்கினு இருக்காங்களாமே. வேணி சொன்னா.”

“பேரு, ஊரு எதுவும் போடலக்கா. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதே.”

“நீ கேப்பன்னு நான் நெனைக்கல.”

“நான் கேக்கலன்னா செஞ்சது சரியாயிடுமா? படிச்சவதானே நீ, சொல்லு.”

மேரி தண்ணீர் கொடுத்தாள். சவுரியம்மாள் வாங்கவில்லை. சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேரி கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“லேயாவ எழுத உக்காந்தா எனக்கு மூஞ்சியே வரலக்கா. உன் மூஞ்சிதான் வந்துது. எல்லாரும் ராகேலத்தான் அழகி அழகின்னு எழுதுறாங்க. அந்த ராத்திரி ராகேல் எங்க இருந்தா, என்ன பண்ணிக்கினு இருந்தான்னு எவனும் கேக்கல. நான் நல்லாத் தூங்கினேன்க்கா அன்னிக்கி. திங்கக்கிழமை எனக்கு செமஸ்டர்.”

“அதுக்கு என்னக் கொண்டுபோய்க் கடைத்தெருவுல வெச்சிடுவியா?”

“உன்ன நல்லவளாத்தான எழுதியிருக்கேன்.”

“நல்லவளா? கெணத்தடில மறஞ்சி நின்னு பாக்குறவளா? அவன் குடிச்ச எச்சித் தண்ணியக் குடிக்கிறவளா? ஒரு பொம்பள இன்னிக்கி எம் முன்னாடியே சொல்றா, தங்கச்சிக்காகப் போகல, ஆசப்பட்டுப் போனான்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் இதெல்லாம் எப்ப உங்கிட்ட சொன்னேன்?”

“சொல்லல. பாத்தேன்,” என்றாள் மேரி. “பொண்ணு பாக்க வந்தன்னிக்கி பொண்ணு நானு. நீ ரெண்டு தடவ பூவ மாத்தி வெச்சிக்கின.”

சவுரியம்மாளுக்கு அறைந்தது போலிருந்தது. சொந்தக்காரர் வீடுகளில், கோயிலில், எங்கே போனாலும் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. தங்கச்சி படிக்கணும்னு தன்னையே கொடுத்தவ என்பார்கள். அவளிடம் இருந்த ஒரே நகை அதுதான். அது கவரிங் என்று தங்கைக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பதினொரு வருசம் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நான் பாத்தது பொய்யின்னு வெச்சிக்க,” என்று மேரி மெல்லச் சொன்னாள். “எனக்காகத்தான் கட்டிக்கினன்னா அத நான் சாகிற வரைக்கும் தூக்கிக்கினு திரியணும். உனக்கும் கொஞ்சம் ஆச இருந்துதுன்னா என் பாரம் பாதி கொறையும். அதான் அப்டி எழுதினேனோ என்னவோ. எனக்கே சரியாத் தெரியலக்கா.”

“உன் பாரம் கொறையறதுக்கு என் புடவைய அவுப்பியா?”

பக்கத்து அறையில் யாரோ பொது அறிவுக் கேள்விகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, என்னப் பத்தி எழுதின. எழுதிட்டுப் போ,” என்றாள் சவுரியம்மாள். “அவரு உனக்கு இன்னா கெடுதல் பண்ணாரு? வாய் தவறி ஒரு பேரச் சொல்லிட்டாரு, அது ஒரு குத்தமா? தெரிஞ்சிக்கினே பேசாம இருந்தான்னு எழுதியிருக்கியே, அப்டி ஒரு அசிங்கத்த உங்க மச்சான் தலைல ஏன் கட்டின?”

மேரி சொம்பைத் தரையில் வைத்தாள். நிமிரவில்லை.

“அத நான் கட்டலக்கா.”

“பின்ன?”

“பெரியவன் பொறந்தப்ப, நீ உள்ள வலில இருந்த. வெளில பெஞ்சில நானும் மச்சானும். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயத்துல அழுதுட்டாரு. அப்ப சொன்னாரு. ‘மொத ராத்திரி அவ குரல் எனக்குத் தெரிஞ்சிதும்மா. தெரிஞ்சிக்கினே பேசாம இருந்துட்டேன். அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல’ன்னு.”

பெரியவனுக்கு இப்போது ஒன்பது வயசு. ஒன்பது வருசமாக இரண்டு பேர் பேசியதும் இந்த ஒருத்தியிடம் இருந்திருக்கிறது. கட்டினவனும் கட்டிக்கொண்டவளும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இவளிடம் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் இரண்டையும் சேர்த்துப் பொருத்தி, நீல முக்காடு போட்டு, தைலம் தடவி, ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘அக்கா, அவருக்குத் தெரியும்’ என்று இவள் சொல்லியிருந்தால் போதும்.

“நான் எடுத்துடறேன்க்கா,” என்றாள் மேரி. “வாசிக்கிறவங்ககிட்ட சொல்லி அந்தப் பாகத்தத் தூக்கிடச் சொல்றேன். முடிவு மட்டும் நல்லா வெச்சிருக்கேன், கேளேன். யாக்கோபு சாகும்போது தன்ன ராகேல் பக்கத்துல வைக்கச் சொல்லல. லேயாவப் பொதச்ச எடத்துலதான் வைக்கச் சொன்னான். வேதத்துலயே இருக்கு.”

“செத்தப்புறமா?” என்றாள் சவுரியம்மாள். “நல்ல காதல் கததான்டி.”

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். மேரி வாசல்வரை வந்து, “கோவமாக்கா?” என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டாள்.

“கோவம் வந்தா நல்லா இருக்கும். உங்கிட்ட இனிமே எதுவும் சொல்ல முடியாதேன்னு இருக்கு. வேற யாரு இருக்கா எனக்கு?”

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அவள் அழவில்லை. மேரியை மன்னிக்கலாமா கூடாதா என்பதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. ‘ம்’ என்று சொன்ன அந்த நிமிஷத்தில், மேரியாக நடித்து அவனை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் இத்தனை வருசம் அவனுக்கு அடங்கி நடந்தாள். அவன் கத்தியபோதெல்லாம் ‘நாம பண்ணதுக்கு இது வேணும்’ என்று பொறுத்துக்கொண்டாள். அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் மட்டும்தான் முக்காட்டுக்குள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை ஆகியிருந்தது. பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். அன்புச்செல்வன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க போன? கெடங்குக்குப் போன் பண்ணா அரை நாள் லீவுன்றாங்க.”

அவள் டிவியை நிறுத்தினாள்.

“பெரியவன் பொறந்தன்னிக்கி மேரிகிட்ட என்னப் பத்திச் சொன்னீங்களே, அத எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான்.

“அவ சொல்லிட்டாளா?”

“அவ ஊருக்கே சொல்லிட்டா. அது வேற கத. நீங்க சொல்லுங்க. மேரி நெனப்புல இருந்தவருக்கு அது என் குரல்னு எப்படித் தெரிஞ்சிது?”

“அது தெரியாதா?” என்றான். “பொண்ணு பாக்க வந்தப்ப வாசல்ல நின்னு ‘உள்ள வாங்க’ன்னது நீதான. உங்க தங்கச்சி அன்னிக்கி வாயே தொறக்கல.”

“அப்ப வாய் தவறிச் சொன்னப்புறம்…”

“வாய் தவறல.”

அவன் டிவியின் கறுப்புத் திரையைப் பார்த்துச் சொன்னான்.

“எல்லாரும் சேந்துக்கினு என்ன ஏமாத்திட்டீங்கன்னு எனக்கு வெறி. வேணும்னுதான் கூப்பிட்டேன். நான் மேரி இல்லன்னு சொல்றியா பாக்கலாம்னு. சொல்லியிருந்தா எழுந்து லாரிக்குப் போயிருப்பேன். நீ ‘ம்’ன்ன. அப்புறம் எனக்குப் போக முடியல.” கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். “வாரக்கணக்குல நெனச்சிப் பாத்திருக்கேன், சொல்லிடலாம்னு. சொன்னா நீ போயிடுவ.”

பதினொரு வருசமாக ஒரு தவறு என்று அவள் பொத்தி வைத்திருந்தது தவறே இல்லை. குறி பார்த்து எறிந்தது. அதை வாங்கிக்கொண்டு அவள்தான் குற்றவாளிபோல நடந்திருக்கிறாள். மாலை வெயில் போன பிறகும் ஓட்டு வீட்டுக்குள் சூடு அப்படியே நின்றிருந்தது.

“வேணும்னு கூப்பிட்டத மேரிகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. அத யாருகிட்டயும் சொல்லல.”

“சொல்லாதீங்க.”

அவன் தலையாட்டினான். ஏதோ சரியாகிவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, “பசிக்கிது சவுரி” என்றான்.

“சோறு குண்டான்ல இருக்கு. போட்டுக்கினு சாப்பிடுங்க.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் சோறு போட்டுக்கொண்டதில்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனான். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது. அகப்பை எங்கே என்று கேட்டான். அது ஜன்னல் கம்பியில், அவன் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. சவுரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். சொல்லவில்லை.